என் கையில் கோளாறு இல்லை

கியர் நழுவினால் டிரைவருக்குக் கை சரியில்லை என்று சொல்லும் ஆட்களை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு மேட்டிலிருந்து வண்டியை இறக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் இறக்கியிருக்கிறேன். யுத்த காலத்தில் மூன்று வருஷம் அஸ்ஸாம் மலையில் ராணுவ ஜீப் ஓட்டியவன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம், நடுவில் முழங்கால் சேறு. அங்கே கை சரியில்லாத டிரைவர் ஒரு வாரம் தாங்கமாட்டான். அப்படிப்பட்ட என்னைப் பார்த்துத்தான் எண்ணூர் உப்பளத்து முதலாளி, வேலையாட்கள் பத்துப் பேர் நிற்கும்போது, “உனக்குக் கை சரியில்லப்பா” என்றார்.

அந்த வேலை எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்து ராணுவத்திலிருந்து எங்களைக் கழற்றி விட்டபோது திருவொற்றியூரில் தெருவுக்கு ஒரு டிரைவர் வேலையில்லாமல் நின்றான். நான் ஒரு வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். ஸ்டீரிங் பிடித்தவனுக்கு மூட்டை தூக்குவது எப்படி இருக்கும் என்று தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். அப்போதுதான் அந்த முதலாளி, ராணுவம் ஏலம் விட்ட பழைய ஜீப் ஒன்றை எடுத்தார். உப்பளத்து வரப்பிலும் கடற்கரை மணலிலும் வேறு எந்த வண்டியும் போகாது. ஸ்டீரிங் இடது பக்கம் இருக்கிற அமெரிக்க வண்டி. ஊரில் ஒருத்தரும் தொட மாட்டேன் என்றார்கள். நான் போய் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். வேலை கிடைத்தது. வீட்டில் மனைவிக்கு ஆறு மாசம். இனி மூட்டை தூக்கப் போகவேண்டாம் என்று அவள் கோயிலுக்குப் போய் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

இரண்டு வருஷம் ஒழுங்காக ஓடிய வண்டி. பிறகு கியர் பெட்டியில் ஒரு முனகல் சத்தம் வந்தது. முதலாளி அதை ராயபுரத்தில் தனக்குப் பழக்கமான ஷெட்டில் விடச் சொன்னார். அங்கே மேஸ்திரி பெட்டியை முழுசாகப் பிரித்து, தேய்ந்த சாமான்களை மாற்றி, திரும்ப மாட்டிக் கொடுத்தார். பத்து நாள் ஆனது. சத்தம் போய்விட்டது. எனக்கும் சந்தோஷம்தான்.

மூன்றாம் நாள் முதலாளியை ஏற்றிக்கொண்டு பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்து உப்பளத்துக்குள் இறங்குகிறேன். இரண்டாவது கியர். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். வண்டியைக் கியரே பிடித்துக்கொண்டு இறக்கவேண்டும். பாதிச் சரிவில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கியர்த் தடி தானாக நடுவுக்கு வந்துவிட்டது. கட்டவிழ்த்த மாடு மாதிரி வண்டி ஓடியது. பிரேக்கை மிதித்தால் ஈரக் களிமண்ணில் சக்கரம் வழுக்குகிறது. நேராகப் போய்ப் பாத்தியில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. முதலாளியின் மல்லு வேட்டி இடுப்பு வரைக்கும் உப்புத் தண்ணீர்.

அன்றைக்குத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். நான் விடவில்லை. “மொதலாளி, ஷெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது நழுவிச்சா? பத்து நாள்ல என் கை மாறிப் போச்சா?” என்று கேட்டேன். அவர் மேஸ்திரியிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். மேஸ்திரி, ‘பெட்டி கல்லு மாதிரி கீது, கியரைப் பாதி போட்டுட்டு கையை எடுத்துட்றான் டிரைவரு’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். முதலாளிக்கு அது வேதவாக்கு. “இந்த மாசம் பூரா பாப்பேன். திரும்ப நழுவிச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்” என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் மூளையை வைத்துத்தானே பார்க்கவேண்டும்? வண்டிக்கு அடியில் படுத்தேன். எண்ணெய் சரியான அளவில் இருந்தது. பெட்டியை இஞ்சினோடு சேர்க்கிற போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தேன், ஒன்றும் தளரவில்லை. கியர்த் தடி தரைத் தகட்டில் எங்காவது இடிக்கிறதா என்று பார்த்தேன், இடிக்கவில்லை. கிளச்சைச் சரிசெய்தேன். எல்லாம் சரி. ஆனால் சரிவில் இறங்கினால் மட்டும் ‘டக்’. வெளியே கோளாறு இல்லையென்றால் பெட்டிக்குள்ளேதான் கோளாறு. உள்ளே கை வைத்தவர் மேஸ்திரி. இது குழந்தைக்குக்கூடப் புரியும். அது சரியாகும் வரை வலது கையால் தடியை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு இடது கையால் மட்டும் ஸ்டீரிங்கைத் திருப்பி ஓட்டினேன். ராத்திரி தோள் விண்விண்ணென்று வலிக்கும். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து, “பாத்தியா, இப்ப ஒழுங்காத்தான போடற” என்பார். அந்த ஆளை வரப்பிலேயே இறக்கி விட்டுவிட்டு வரலாம் போல இருக்கும்.

வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். மேஸ்திரி அதைக் கட்டை மேல் ஏற்றிச் சக்கரத்தைச் சும்மா சுழலவிட்டார். நழுவவில்லை. தண்டையார்ப்பேட்டை வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார். நழுவவில்லை.

“இன்னா நைனா, சோக்காத்தான ஓடுது? மூணு வர்சம் மிலிட்டரில ஓட்னேன்றியே, ஒரு கியரு ஒயுங்கா போடத் தெர்ல? சும்மா வந்து பேஜார் பண்ணிகினு” என்றார். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பொய்யன் என்று ஒருத்தன் சொல்லவே சொல்லிவிட்டான்.

எப்படி நழுவும்? ராயபுரத்திலிருந்து தண்டையார்ப்பேட்டை வரைக்கும் ரோடு தாம்பாளம் மாதிரி. மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. அந்த ஷெட்டில் எந்த வண்டியைச் சோதித்தாலும் அந்த ஒரே ரோட்டில்தான் சோதிப்பார்கள். இஞ்சின் வண்டியை இழுக்கும்போது கியர் நிற்கும். வண்டி இஞ்சினைத் தள்ளும்போதுதான் அது கழன்றுகொள்ளும். இதை நான் சொன்னால், ‘எங்களுக்கே பாடமா’ என்கிறார்கள். எண்ணூர் வரைக்கும் வந்து கால்வாய்க் கரையைப் பாருங்கள் என்றால், நேரமில்லையாம்.

ஆனால் அந்த ஷெட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சாமான் வாங்கப் போகவேண்டுமென்றால், வேலைக்கு வந்து நிற்கிற ஏதாவது ஒரு வண்டியில் ஏறிக்கொண்டு போவார்கள். பெட்ரோல் வண்டிக்காரனுடையது. அன்றைக்கு மேஸ்திரி யானைக்கவுனிக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டியிருந்தது. என் ஜீப்பில்தான் ஏறினார். யானைக்கவுனியில் ரயில் தண்டவாளத்துக்கு மேலே பாலம் இருக்கிறது. வட சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரே மலை அதுதான்.

ஏறினேன். பாலத்து உச்சியில் இரண்டாவது கியரை அழுத்திப் போட்டேன்.

“மேஸ்திரி, நல்லாப் பாத்துக்கோ. முழுசாப் போட்டுட்டனா?”

“போட்டுட்ட, போட்டுட்ட. ஜல்தி போ.”

இரண்டு கையும் ஸ்டீரிங்கில். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பத்தடி இறங்கவில்லை, ‘டக்’. தடி மேஸ்திரியின் கண் முன்னால் நடுவுக்கு வந்து நின்றது. இஞ்சின் சத்தம் அடங்கியது, வண்டி வேகம் பிடித்தது. எதிரே கீழே, இரும்புக் கம்பி ஏற்றிய கைவண்டி ஒன்றை இரண்டு பேர் மேலே தள்ளிக்கொண்டு வருகிறார்கள். கம்பி முனைகள் எங்களைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. பிரேக்கை மிதித்து, கைப் பிரேக்கையும் இழுத்து, ஒரு முழம் இடைவெளியில் நிறுத்தினேன். கைவண்டிக்காரன் வியர்வையைத் துடைத்தபடி, “கஸ்மாலம்! கண்ணு இன்னா பொடனியிலயா கீது?” என்று கத்தினான். அவன் என்னைத் திட்டியதில் எனக்கு வருத்தமே இல்லை. மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் கண் இன்னும் கியர்த் தடியிலேயே இருந்தது.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு, “இப்ப சொல்லு” என்றேன்.

சொன்னார். கியர் மாற்றுகிற கம்பியில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஓர் இரும்புக் குண்டு அந்தப் பள்ளத்தில் வந்து உட்கார்ந்து, கம்பி நகராமல் பிடித்துக்கொள்ளும். பெட்டியைப் பிரித்தபோது அந்தக் குண்டு துள்ளி ஷெட்டு மணலில் விழுந்துவிட்டது. அரை நாள் சலித்தும் கிடைக்கவில்லை. அந்த அளவுக் குண்டு கடையிலும் இல்லை. சைக்கிள் சக்கரத்துக் குண்டு ஒன்றைப் போட்டு மூடிவிட்டார். அது ஒரு சுற்றுச் சின்னது. பள்ளத்தில் பிடிப்பில்லை.

“ஓடும்னு நெனச்சேன் நைனா.”

“நழுவுதுன்னு நான் வந்து சொன்னப்ப?”

“தெரியும்.”

தெரியுமாம்! தெரிந்துகொண்டே, என் பிழைப்பு அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே, ஷெட்டு ஆட்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறார். சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் திமிறவில்லை.

“நாளைக்கே ஒயுங்கான குண்டு போட்டுத் தரேன். ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா மொதலாளியாண்ட வாயத் தொறக்காத. தொறந்தேன்னா, நீ ஓட்டித்தான் உள்ள ஒடஞ்சிச்சின்னு நான் சொல்லுவேன். பத்து வர்சமா அவரு வண்டியெல்லாம் எங்கையிலதான் கீது. அவரு யாரு பேச்சக் கேப்பாருன்னு நீயே நெனச்சிப் பாரு.”

நினைத்துப் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அவர் சொன்னது சரிதான். அதனால்தான் ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது.

மறுநாள் எங்கிருந்தோ அந்தக் குண்டைத் தேடிக் கொண்டுவந்து போட்டார். அத்தனை நாளும் கிடைக்காதது அன்றைக்கு மட்டும் கிடைத்தது. சாயங்காலம் அவரே என்னோடு எண்ணூருக்கு வந்தார். முதலாளி பின்னால் ஏறிக்கொண்டார். அதே கால்வாய்க் கரை, அதே சரிவு. இரண்டு கையும் ஸ்டீரிங்கில். வண்டி அடக்கமாக உறுமிக்கொண்டு இறங்கிச் சமதரைக்கு வந்தது.

முதலாளி குதித்து இறங்கினார். வேலையாட்கள் மண்வெட்டியோடு சுற்றி நின்றார்கள்.

“எப்படி மேஸ்திரி?”

“பெட்டில ஒண்ணுமில்ல மொதலாளி. ரெண்டு நாளு பக்கத்துல குந்திகினு கை பயக்கிக் குடுத்தேன். இனிமே நழுவாது.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “பாத்தியா? அன்னைக்கே சொன்னேன். கைதான் சரியில்லாம இருந்தது. இப்பப் புரியுதா?”

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். மேஸ்திரி கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஸ்ஸாம் மலையும் யானைக்கவுனிப் பாலமும் சைக்கிள் குண்டும் எல்லாம் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. கூடவே துறைமுகத்து மூட்டைகளும் வந்து நின்றன.

“ஆமாங்க மொதலாளி” என்றேன்.

அவர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். நான் சிரிக்கவும் செய்தேன்.