மணநாள் ஜெபத்தில் என் பக்கத்தில் நின்ற எஸ்தர் அக்கா

என் மூத்த பேரன் டேனியேல் எம்.பி.ஏ. முடித்து நல்ல கம்பெனியில் சேர்ந்துவிட்டான். பேத்தி ஷெரின் நர்சிங்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்திருக்கிறாள். சின்னவன் ஜோயல் காலேஜ் கால்பந்து டீமுக்கு கேப்டன். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். இதையெல்லாம் நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? சபையின் வாட்ஸ்அப் குழுவில் எழுத்துக்கூட்டிப் போட்டேன். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு செய்தி: எஸ்தர் சகோதரி இன்று காலை கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். அதற்குக் கீழேயும் ஒருவர் எனக்குக் கைதட்டியிருந்தார்.

அந்தக் கைதட்டல் அக்காவுக்குச் சேர வேண்டியது. அவரைத் தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எஸ்தர் அக்கா பெங்களூரு பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கராக இருந்தார். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் தனியாகக் குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "தைச்சதுல குறை கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. எவன் தேறுவான்?" என்பார்.

என் வீட்டுக்காரர் என்னையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு, ஈஜிபுராவில் இன்னொரு பெண்ணோடு குடித்தனம் போனார். சபையில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். பொறுமையாக இரு என்றார்கள். உன்னிடம் என்ன குறையோ யோசித்துப் பார் என்றும் சொன்னார்கள். அக்கா மட்டும் வேலை விட்டு வந்து, செருப்பைக் கழற்றியதும் என் பக்கத்தில் முழங்கால் போட்டார்.

"ஆண்டவரே, அந்த ஆளைத் திருப்பிக் கொண்டாரும்னு நான் கேக்கல. இவ கீழ விழாம பிடிச்சுக்கும். பசங்க ஸ்கூலுக்குப் போகணும். ஆமென்."

அவ்வளவுதான் ஜெபம். அன்று ராத்திரி நான் சாப்பிட்டேன்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, அந்த மாதம் மணநாள் வருகிற தம்பதிகளை முன்னே அழைத்து ஜெபிப்பார்கள். என் மாதம் வந்தது. இனி கோவிலுக்கே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அக்கா வாசலில் வந்து நின்றார்.

"கிளம்புடி."

"ஜோடி இல்லாம போய் நின்னா சிரிப்பாங்கக்கா."

"சிரிக்கட்டும். கல்யாணத்தன்னைக்கு ஆல்டர்ல வாக்கு கொடுத்தியே, காப்பாத்தினியா?"

"காப்பாத்தினேன்."

"அப்போ ஜெபம் உனக்குத்தான். ஓடிப்போனவனுக்கா பண்ணுவாங்க? பொடவையை மாத்து."

தம்பதிகள் வரிசையின் கடைசியில், என் கையைப் பிடித்துக்கொண்டு அக்காவும் நின்றார். போதகர் தயங்கினார். "சிஸ்டர், இது தம்பதிகளுக்கு…"

"அவர் வரல ஐயா. இவ வந்திருக்கா. வந்தவளுக்குப் பண்ணுங்க."

பின்னாலிருந்து ஒரு அம்மா, காதில் விழும்படியே சொன்னார்: "கல்யாணமே ஆகாதது மாப்பிள்ளை மாதிரி நிக்குது பாரு."

அக்கா திரும்பினார். "ஆமாம்மா. ஓடாத மாப்பிள்ளை."

போதகர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். விழாமல் நின்றேன். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் அக்காவோடு நின்றேன். என் பிள்ளைகள் அந்தச் சபையில் வளர்ந்தது அப்படித்தான்.

வருஷங்கள் கழித்து வீட்டுக்காரர் திரும்பி வந்தார், நுரையீரல் கெட்டுப்போன பிறகு. சபையில் அற்புதம் என்றார்கள். மேடையேறிச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். அக்கா என்னைத் தனியாக அழைத்தார்.

"வியாதி கொண்டாந்து விட்டுச்சு. அதுக்குக் கர்த்தர் பேரை வைக்காதே. கஞ்சி ஊத்துறதுன்னா ஊத்து, உன் இஷ்டம். சாட்சின்னு பொய் மட்டும் சொல்லாதே."

கஞ்சி ஊற்றினேன். சாட்சி சொல்லவில்லை. வீட்டுக்காரர் காலமானபோது கோவில் நிறைந்தது.

அக்காவின் அடக்கத்துக்கு நாலு பெஞ்சு நிறையவில்லை. மாப்பிள்ளை என்று கேலி செய்த அம்மாதான் சத்தமாக அழுதார். இரங்கல் பேசியவர், "குடும்பம் என்று ஒருவரும் இல்லாத நம் சகோதரி" என்றார். முன் பெஞ்சில் நானும், என் பிள்ளைகளும், மூன்று பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தோம். அவர் கண்ணுக்கு நாங்கள் தெரியவில்லை.

அக்கா, நீங்கள் கை பிடித்தவள் இன்னும் விழாமல்தான் இருக்கிறேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.

குழுவை நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அஞ்சலி என்று நீங்கள் போட்டிருப்பது அக்காவின் கம்பெனி அடையாள அட்டைப் படம். திருடியைப் பிடித்து நிறுத்தியது போல இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். அந்த முதல் வருஷம் மணநாள் தம்பதிகளை எடுத்த படங்களையெல்லாம் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள், எங்கள் படத்தைத் தவிர. அக்கா சபை ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்து என் வீட்டுச் சுவரில் மாட்டினார். ஷெரின் அதை போனில் எடுத்து அனுப்புவாள். அதைப் போடுங்கள். பக்கத்தில் நிற்கிற என்னை வெட்டாமல் போடுங்கள்.