பிஜுவும் அப்பாவும் நடக்காத நடை

டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு நாய் பொறை ரொட்டியைக் கடிக்கும் 'மொறுக் மொறுக்' சத்தம் எங்கே காதில் விழுந்தாலும் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

அப்பா மில்லில் தறியைச் சுற்றி நாள் முழுக்க நடந்த மனிதர். மில் மூடிய பிறகு ஒரு பர்னிச்சர் கடையில் வாட்ச்மேன் ஆகி, நாற்காலியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பையும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டார். அவர் தின்பதில் பாதியைத் தின்று அவரைப் போலவே பெருத்தது எங்கள் நாய் பிஜு. முத்தியால்பேட்டையில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், சிப்பாய் என்ற பொருளில் எல்லோரும் 'சொல்தா' தாத்தா என்று கூப்பிட்டவர், குட்டியாகக் கொடுத்தபோதே வைத்த பேர் அது. பிரெஞ்சில் நகை என்று அர்த்தமாம். தெருவில் எல்லோரும் மலையாளப் பேர் என்றே நினைத்தார்கள்.

ஒரே வாரத்தில், தினமும் நடக்கச் சொல்லி அப்பாவை டாக்டர் திட்டினார், பிஜுவுக்கு ஊசி போட வந்த மாட்டு டாக்டர், "இது நாயா, கன்னுக்குட்டியா?" என்றார். புத்தாண்டு அன்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் சோலை நகர் கடற்கர வரிக்கும் நடக்கணும். டீல சக்கர கெடையாது, நாய்க்குப் பொற கெடையாது. பாப்பா, நீ கூடப் போய்ப் பாத்துக்க."

ஆறாவது படித்துக்கொண்டிருந்த நான் நோட்டில் அப்பாவுக்கு ஒரு கட்டம், பிஜுவுக்கு ஒரு கட்டம் போட்டு, நடந்த நாளுக்கெல்லாம் டிக் அடிக்கத் தொடங்கினேன். நான்கு நாள் கடல் வரை போனோம். ஐந்தாம் நாள் தெருமுனை டீக்கடையில் அப்பா உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, பிஜுவுக்குப் பொறை, எனக்கு வடை. "அம்மாகிட்ட சொல்லிடாத, இன்னா?" என்றார். அதன்பின் எங்கள் நடை அந்த பெஞ்சைத் தாண்டவே இல்லை. கையைப் பிடித்து இழுத்தேன், அழுதேன், சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். அன்று அவர் முகம் விழுந்துபோனது.

"மில்லு மூடுனப்பறம் எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு டீதான் பாப்பா."

வீட்டுக்கு வந்து டிக் அடித்தேன்.

மூன்று மாதம் கழித்து எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு காலையில், அப்பா ஷிப்ட்டுக்குப் போயிருக்க, அம்மாவே பிஜுவைக் கூட்டிப் போனாள். அது அவளை நேராக டீக்கடைக்கு இழுத்துப்போய் பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டது. "அண்ணன் வரலியா அண்ணி? இருங்க, பொற எடுத்தாறேன்" என்றாராம் கடைக்காரர். அம்மா திரும்பி வந்து என் நோட்டை விரித்தாள்.

"இந்த டிக்கெல்லாம் நீதான போட்ட?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தக் கோடையில் செருப்பு வார் உரசி அப்பாவின் காலில் வந்த புண் ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மழைக்காலத்தில் பிஜுவுக்குப் பின்னங்கால்கள் எழவில்லை; எடை தாங்காமல் இடுப்பு தேய்ந்துவிட்டது என்றார் மாட்டு டாக்டர். தரையில் தேய்த்துக்கொண்டே தன்னிடம் ஊர்ந்து வந்த நாயை, கைத்தடியோடு நின்ற அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்துக் குடுத்து நாந்தான் கெடுத்துட்டேன்."

மறுநாள் காலை, யாரும் சொல்லாமலே, பிஜுவின் இடுப்பைப் பழைய துண்டால் தூக்கிப் பிடித்தபடி வாசலில் பத்தடி நடத்தினார். பிறகு தெருமுனை வரை. டீக்கடை வந்தால் எதிர்ப்புறமாகக் கடந்தார்கள். வெயில் காலம் வந்தபோது இருவரும் நொண்டி நொண்டிக் கடல்வரை போய், மூச்சு வாங்க மணலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, பொருமலாக இருந்தது.

பிஜு அதன்பின் நான்கு வருடம் இருந்தது. அப்பாவும் இப்போது இல்லை. டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்த மணலைக் கடல் தின்றுவிட்டது. கருங்கல் கொட்டிய கரையில் நடக்க இடமில்லை. எனக்கும் சர்க்கரை எல்லையில் நிற்பதாகப் போன வாரம் டாக்டர் சொன்னார். என் நாயோடு மொட்டைமாடியில் சுற்றிச் சுற்றி நடக்கும்போது அப்பா மீது கோபம் மூள்கிறது. நாய்க்காக நடந்தவர், அம்மாவும் நானும் அவ்வளவு கெஞ்சியும் எங்களுக்காக ஏன் நடக்கவில்லை? அவர் இருந்தபோது ஒரு நாளாவது அதைக் கேட்டிருக்கலாம்.