பாரிஸ் மாமியின் படம்

என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. வீட்டுக்கு யாராவது வந்து பெரியவர்கள் கதைக்கத் தொடங்கினால் அவளை மேல்மாடிக்கு அனுப்பிவிடுவேன். நகரசபைக் கொம்யூனிலிருந்து ஆள் வந்தால் என் அம்மாவுக்கு நானே மொழிபெயர்ப்பேன், அவளை வாய் திறக்க விடமாட்டேன். அவளுக்கு இது பெரிய கோபம். அவளுடைய வயதில் நான் நின்ற வரவேற்பறையில் அவள் நின்றதில்லை.

ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்று எல்லாரும் நம்பிய வருடம் அது. ஊருக்குப் பாதை திறந்திருந்தது. நாங்கள் இருந்த டெனிஷ் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவில் எங்களுக்குத் தெரிந்த குடும்பங்கள் தள்ளிப்போட்ட கலியாணங்களையும் இடிந்துபோன வீடுகளையும் ஒன்றாகக் கையிலெடுத்தன. அம்மா கையிலெடுத்தது தன் தம்பியை.

மாமா பாரிஸில் ஒரு பணக்கார மூதாட்டியின் வீட்டில் சமையலுக்கும் பராமரிப்புக்குமாக இருந்தவர். உயரமான இரும்புக் கேற், குதிரைப் பந்தயத்துக்குப் போகும் உறவினர்கள், ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாத குடும்பப் பெயர். மூதாட்டிக்குப் பிள்ளைகள் இல்லை, கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகளான பெறாமக்கள் மட்டும். அவர்கள் நல்லநாள்களில் வந்து விருந்து சாப்பிட்டுவிட்டு, சுவரிலிருக்கும் எந்த ஓவியம் யாருக்கு என்று அவர் காதுபடவே பிரித்துக்கொள்வார்களாம். வீடு அவர்களுக்குப் போகக்கூடாது என்று அவர் ஒருநாள் மாமாவை நகரசபைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. மாமாவுக்கு நாற்பது ஆகவில்லை. மூதாட்டி இறந்ததும் பெறாமக்கள் வழக்குப் போட்டார்கள். அது கலியாணமே இல்லையாம், வேலைக்காரன் சூப்பில் எதையோ கலந்து கிழவியின் மனதைக் கெடுத்துவிட்டானாம்.

அம்மா அந்தக் கலியாணத்தை எங்கள் ஆட்களுக்கு மறைத்தார், நீதிமன்றத்துக்கு மட்டும் காட்டினார். குடும்பம் மூதாட்டியை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் வேண்டும் என்று பாரிஸ் வழக்கறிஞர் கேட்டபோது, எங்களுக்குத் தெரிந்த ஒரே முறையில் ஏற்றுக்கொண்டார். அவருடைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, பிளாஸ்டிக் மாலை சூட்டி, மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, மெழுகுதிரி கொளுத்தி, அந்தச் சுவரை ஒளிப்படம் எடுத்து அனுப்பினார். நான் அவரை மாமி என்று சொல்லப் பழக்கப்பட்டேன். தமிழ் ஆட்கள் மணியடித்தால் மாமி அலுமாரிக்குள் போய்விடுவார்.

அந்தச் சனிக்கிழமை, பெரிய பாலத்துக்கு அப்பாலிருக்கும் ஹ்விடோவ்ரேயிலிருந்து மாமாவுக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். பெண்ணின் தகப்பனும் தாயும் மட்டும். மாப்பிள்ளைக்கு இது முதல் கலியாணம் என்று சொல்லப்பட்டிருந்தது. மாமா பாரிஸிலிருந்து முதல்நாளே வந்திருந்தார். அப்பா தொழிற்சாலையில் சனிக்கிழமை வேலையில் நின்றார். மாமி அலுமாரிக்குள் இருந்தார். கோவிலில் எப்போது கலியாண அறிவித்தல் ஓலை வாசிப்பது என்று கதை நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

கதவைத் திறந்தேன். ஒரு டெனிஷ் பெண் வழக்கறிஞரும், அவருக்குப் பின்னால் நீண்ட மேலங்கி போட்ட ஒருவரும் நின்றார்கள். மாமாவின் முகம் போன போக்கிலேயே அது பெறாமகன் என்று அம்மாவுக்கு விளங்கிவிட்டது. மனைவி செத்து வருடம் திரும்பமுன் புதுப் பெண் பார்க்கிறான் என்றால் அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த நாளை அவர்களுக்குச் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது. அம்மாவோ, வந்தவர்களை வாசலில் நிறுத்தத் தெரியாமல் அவர்களுக்கும் தேத்தண்ணியும் வடையும் கொடுத்தார்.

வழக்கறிஞர் அமைதியாகக் கதைத்தார். பதில் சொல்வது கட்டாயமில்லை, ஆனால் சொன்னால் அக்காதான் சொல்லவேண்டும், தம்பி குறுக்கிடக்கூடாது. அம்மாவுக்கு டெனிஷ் போதாது, அதனால் நான். அந்தக் காலத்தில் அதை யாரும் பிழையாக நினைக்கவில்லை. பெறாமகன் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த வெறும் ஆணியைக் காட்டி வழக்கறிஞரிடம் ஏதோ சொன்னார். அவர் அதை என்னிடம் டெனிஷில் கேட்டார்.

"மாமீன்ர படம் எங்கை எண்டு கேக்கினம், அம்மா."

பெண்ணின் தகப்பன் கடித்த வடையைத் தட்டில் வைத்தார். "ஆர் பிள்ளை மாமி?"

மாமி என்றால் கலியாணம் போகும். முதலாளியம்மா என்றால் பாரிஸ் வீடு போகும். இது எனக்கே தெரிந்திருந்தது.

"அது தம்பி வேலை செய்த வீட்டு மனுசி," என்றார் அம்மா. "பிள்ளை எல்லாரையும் மாமி எண்டுதான் சொல்லும்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ அவைக்குச் சொல்லு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். பெண்ணின் தகப்பன் முதியோர் இல்லத்தில் நெடுங்காலம் வேலை செய்தவர். டெனிஷ் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. அம்மாவுக்கு அந்த அறையில் ஒளிக்க ஒரு பாஷையும் மிஞ்சவில்லை.

"சொல்லு தங்கச்சி," என்றார் அவர் என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல். "பாலம் கடந்து வந்தனாங்கள், நாங்களும் கேப்பம்."

அம்மாவின் விரல்கள் என் தோளில் இறுகின. எந்தப் பதிலுக்காக இறுகின என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா எழுந்து உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. படத்தோடு வந்து ஆணியில் மாட்டி, மாலையின் சிக்கெடுத்து, ஒரு பக்கம் சரிந்திருந்ததை நிமிர்த்தினார்.

"அண்ணை, இவ என்ர மனுசி." பிறகு என்னைப் பார்த்தார். "அவைக்கும் சொல்லு பிள்ளை."

வழக்கறிஞருக்கு டெனிஷில் சொன்னேன்.

பெண்ணின் தகப்பன் எழுந்து நின்று, படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். "எழும்பும்," என்றார் மனைவியிடம். வாசலில் சப்பாத்தைப் போட்டபடி, முதலே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். பெறாமகன் படத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றார். பிறகு அவரும் வழக்கறிஞரும் போய்விட்டார்கள்.

பெண் போனாலும் பாரிஸ் வீடு நின்றது என்று அம்மா தன்னைத் தேற்றிக்கொண்டார். ஊரில் ஷெல் விழுந்த எங்கள் வீட்டைத் திருத்த அந்தக் காசுதான் அவருடைய கணக்கு. ஆனால் அடுத்த மாதம் மாமா பாரிஸ் வீட்டைப் பெறாமக்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். பதிலுக்கு அவர்கள், அது கலியாணம் இல்லை என்ற பேச்சை விட்டுவிடவேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

உயிர்த்த ஞாயிறுக்கு அவர் வந்தபோது அம்மா முகம் கொடுக்கவில்லை. சாப்பாடு போட்டு முடித்தபிறகுதான் கேட்டார்.

"வீடு வேண்டாமெண்டால் அண்டைக்கு ஏன்டா மனுசி எண்டு சொன்னனீ?"

"அதுக்கும் வீட்டுக்கும் என்னக்கா?" என்றார் மாமா.

பாரிஸில் இத்தனை வருடம் இருந்ததில் மாமாவுக்குத் தமிழ் குறைந்துவிட்டது, கேள்வி அவருக்கு விளங்கவில்லை என்று நான் நினைத்தேன். அதனால் அம்மா கேட்டதை இன்னும் சுலபமான சொற்களில், மெதுவாக, அவருக்குத் திருப்பிச் சொன்னேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"ஓம் பிள்ளை, விளங்குது," என்றார்.

அப்போதும் அவருக்கு விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன்.