அதிபர் கொண்டுவந்த கருவாட்டுப் பொதி

பழைய நாளிதழில் சுற்றிய கட்டா மீன் கருவாடு அது. என் மேசையில், கோப்புகளுக்கு நடுவில் அதை வைத்துவிட்டுப் பள்ளிக்கூட அதிபர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் எழுதுவினைஞராக வேலை பார்த்த கல்விக் கந்தோர் முழுவதும் மணத்தது. "லஞ்சமில்ல தங்கச்சி, சந்தோசம்" என்றார்.

போர் முடிந்து, மன்னாருக்குத் திரும்பலாம் என்றானதும்தான் அவர் வீட்டில் சண்டை தொடங்கியது. கற்பிட்டிக்கு இடம்பெயர்ந்து வந்து இருபது வருடம். அவருக்குப் பிறந்த ஊர் வேண்டும். மனைவிக்குப் பிள்ளைகள் வளர்ந்த ஊர் வேண்டும். இருவரும் விட்டுக்கொடுக்காமல் காதி நீதிபதியிடம் போய்த் தலாக் ஆயிற்று. அந்தச் சான்றிதழை வாங்கி, விதவைகள் ஓய்வூதியப் படிவத்தில் மனைவியின் பெயரை வெட்டியது நான்தான். சட்டதிட்டம் என்னைப் போல யாருக்கும் தெரியாது என்ற மிதப்பு எனக்கு.

ஒரு வருடம் கழித்துத்தான் அந்தக் கருவாடு வந்தது.

"மன்னார்க் காணியெல்லாம் பத்தைக்காடு மண்டிக் கிடக்கு. தனிய இருந்து தேத்தண்ணி குடிக்கேலாம வந்துட்டன். பள்ளி லெப்பை, ரெண்டு சாட்சி, அவட தம்பி, அவ்வளவுதான். வீட்டுக்குள்ளயே மறுபடி நிக்காஹ் முடிஞ்சுது. இந்த வயசில ஊரக் கூட்டவா?"

கூச்சமும் மகிழ்ச்சியுமாக மாப்பிள்ளை போலவே நின்றார். "நல்லது சேர்" என்றேன். பதிவு செய்தீர்களா என்று கேட்கவில்லை. வெட்டிய பெயரை மறுபடி எழுத அந்தப் பதிவுத் தாள் ஒன்றே போதும். உடப்பிலுள்ள என் வீட்டில் மூன்று நாள் அந்தக் கருவாட்டைச் சமைத்து, அதிபரைப் புகழ்ந்து சாப்பிட்டோம்.

பணியில் இருக்கும்போதே அவர் மவுத்தானார் என்று சாவுச் செய்தி வந்தது. நான்கு மாதமும் பத்து நாளும் கடந்தபின் அவர் மனைவி விதவை ஓய்வூதியம் கேட்டு வந்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன். "இத்தா இருந்தன், வெளிய வரேலாதே" என்றார். கணவனை இழந்தவர் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம் அது. மறுபடி நிக்காஹ் நடந்ததென்ற பள்ளிவாசல் கடிதமும் கையில் இருந்தது. மேலிடம் அதை ஏற்கவில்லை. கோப்பில் அவர் விவாகரத்தானவர், மறுமணத்துக்குப் பதிவில்லை. மறுப்புக் கடிதத்தை நானே வாசித்துக் காட்டினேன்.

"அப்ப நான் ஆருக்காக இத்தா இருந்தன், தங்கச்சி?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது நான் ஓய்வுபெற்றுவிட்டேன். எனக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. அதிபரின் மனைவி கற்பிட்டிச் சந்தையில் கருவாடு விற்கிறார். என்னைக் கண்டால் ஒரு கட்டாவைக் கூடுதலாகப் போட்டு, பழைய நாளிதழில் சுற்றித் தருவார். "லஞ்சமில்ல தங்கச்சி" என்பார், அதிபரைப் போலவே. அன்று நான் கேட்காமல் விட்டதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.