கம்ப்ரசர் விதி, திருத்திய வடிவம்

இல்லாத மந்திரம் ஒன்றுக்காகக் கட்டிய மனைவி மேல் பொறாமைப்பட்ட மனிதனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சிரிக்காதீர்கள். அடுத்த மேசைக்காரரின் சுழல் நாற்காலியைப் பார்த்து நீங்கள் பொருமினீர்களே, அது மட்டும் பெரிய காரணமா?

அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வாரமெல்லாம் யார் வீட்டுச் சமையலறையிலாவது மண்டியிட்டு ஃபிரிட்ஜின் முதுகைக் கழற்றிக்கொண்டிருப்பான். ஞாயிறு மூன்று மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு நூலக மாடிக்குப் போய்விடுவான். அங்கே பத்துப் பேர், ஏழு பாகம் ஓடும் ஒரு மந்திரக் கதையை வரிவரியாகப் பிரித்து மேய்வார்கள். அந்தக் கதையில் மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று ஆசிரியர் எங்கும் சொல்லித் தொலைக்கவில்லை. அதனால் ஆளுக்கொரு விதி. விதியைக் கண்டவரின் பட்டப்பெயரே அதற்கும் பெயர். குழு ஒப்புக்கொண்டால் நோட்டீஸ் பலகையில் ஏறும்.

மருந்துக்கடைக்காரருடையது மாத்திரை விதி. மந்திரம் பிறப்பால் வருவது, அரச குலத்து ரத்தத்தில் ஓடுவது என்பார். கேட்டாலே மெக்கானிக்குக்குக் காதில் புகை வரும். வெளியில்தான் பிறப்பைச் சொல்லி ஆளை நிறுத்துப் பார்க்கிறார்கள் என்றால் கற்பனையிலுமா என்று மேசையைத் தட்டுவான். அவனுடையது கம்ப்ரசர் விதி. ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் போல ஓரிடத்துச் சூட்டை எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுவதுதான் மந்திரம். இளவரசியால் திறக்க முடியாத கோட்டைக் கதவை அடுப்படிப் பணிப்பெண் ஒரே சொல்லில் திறந்தாளே, எப்படி? அவள் அடுப்பருகே நின்றாள்.

நல்ல விதிதான். ஆனால் ஐந்தாம் பாகத்தில், ஒரு பொட்டுச் சூடில்லாத பனிமலையில், கிழவன் ஒருவன் இடிந்த பாலத்தை ஒரு சொல்லால் தூக்கி நிறுத்துகிறான். விதி அங்கே படுத்துவிட்டது. அந்தப் பாலத்தைக் காட்டியே மூன்று வருடமாக மருந்துக்கடைக்காரர் அவன் வாயை அடைத்து வந்தார். ஒரே ஒரு ஞாயிறாவது அவர் வாயைத் தான் அடைக்க வேண்டும். அவனுக்கு வேறு பேராசை கிடையாது.

மனைவி சீருடை தைப்பவள். ஒரு பாகத்தையும் கையால் தொட்டதில்லை. மாலையில் அவள் மிஷினை ஓட்ட, எதிரில் உட்கார்ந்து அவன் சத்தமாகப் படிப்பான். ஆறு பாகம் அப்படியே முடிந்தன. மிஷின் இரைச்சலில் அவள் காதில் என்ன விழுந்திருக்கப்போகிறது என்று நினைத்திருந்தான்.

எல்லாம் விழுந்திருந்தது. மிஷின் பெல்ட் அறுந்துபோன ஒரு ஞாயிறு அவளும் நூலகத்துக்கு வந்தாள். நூலகர் அவளுடைய தம்பி. மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல் பாலத்தை எடுத்ததும், தம்பியோடு பேசிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தக் கிழவர் கொத்தனாருங்க. வாலிபத்துல அந்தப் பாலத்துக்குக் கல்லு சுமந்தவரு. அந்தப் பொண்ணு பன்னெண்டு வருஷம் அந்தக் கதவைத் தேச்சுக் கழுவினவ. யாரு எதுல பாடுபட்டாங்களோ, அது அவங்க சொன்னாக் கேக்குது. இளவரசி சொன்னாத் திறக்கணும்னு அந்தக் கதவுக்கு என்ன தலையெழுத்து?"

பத்துப் பேரும் பக்கங்களைப் புரட்டினார்கள். எங்கே புரட்டினாலும் பொருந்தியது. மருந்துக்கடைக்காரர் எழுந்து, தன் கையாலேயே அவளுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். மெக்கானிக்குக்கு வயிற்றில் யாரோ ஸ்டவ்வைப் பற்றவைத்ததுபோல் இருந்தது.

"மாமா, அக்காவுக்குப் பேரு வச்சாச்சு. ஊசி விதி" என்றான் தம்பி. "சுத்தமா எழுதிக் கொடுங்க, பலகையில போட்டுடலாம்."

அன்று அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படித்தவன் நான், பிடித்தவள் இவளா? என் தொண்டை வறண்டது, இவளுக்குக் கைதட்டலா? இப்படியே புரண்டு புரண்டு ஒரு வழி கண்டுபிடித்தான். உழைத்தால் உடம்பு சுடுகிறது. ஆகவே உழைப்பும் சூடுதான். ஆகவே அவள் சொன்னது தன் விதியின் ஒரு கிளைதான். பிறப்பால் எதுவும் வராது என்று மேசையைத் தட்டியவன், கட்டிக்கொண்டதால் அவள் யோசனை தனக்கு வந்து சேரும் என்று முடிவு கட்டினான். முத்து முத்தாக எழுதினான். தலைப்பு: ‘கம்ப்ரசர் விதி, திருத்திய வடிவம்.’ மைத்துனன் உதட்டைப் பிதுக்கினான். ஆனாலும் அக்கா புருஷன் ஆயிற்றே, ஒட்டிவிட்டான்.

அடுத்த ஞாயிறு அவள் பலகை முன் நின்று கடைசி வரிவரை படித்தாள். "எழுத்து அழகா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். மாலையில் அவன் ஏழாம் பாகத்தைத் திறந்தபோது, மிஷினில் நூல் கோத்துக்கொண்டே, "நீங்க மனசுக்குள்ளயே படிங்க" என்றாள். ஆறு நாள் மனசுக்குள்ளேயே படித்தான். ஒரு பக்கமும் ஒட்டவில்லை.

அதற்கடுத்த கூட்டத்துக்கு மருந்துக்கடைக்காரர் தயாராக வந்திருந்தார். திருத்திய வடிவத்தைப் பாராட்டினார். அவன் மூன்று வருடம் ஏங்கிய பாராட்டு. வாயில் சாக்பீஸைக் கடித்ததுபோல் இருந்தது. பிறகு அவர் ஆறாம் பாகத்தைப் பிரித்தார்.

"இந்தத் திருடன் ராஜாவோட வாளைத் திருடறான். இவன் கையில அது ஒளி விடுது. இவன் எங்க பாடுபட்டான்? சொல்லுங்க கம்ப்ரசர், உங்க விதிதானே?"

அவன் ஆறாம் பாகத்தை முன்னும் பின்னும் புரட்டினான். பத்து முகமும் அவனையே பார்த்தன. சன்னலோரம் மனைவி ஒரு சீருடையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது. அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்க மாட்டாள். எதையாவது உளறி ஒப்பேற்றலாம். உளறினால் பிறப்பைச் சொல்லும் மாத்திரை விதி பலகை ஏறும்.

"அது என் விதி இல்ல" என்றான். "திருத்தினதும் நான் இல்ல. தலைப்பு பொய். அவளைக் கேளுங்க."

அவள் அவசரப்படவில்லை. நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"அந்தத் திருடன் சின்ன வயசுல கொல்லன் பட்டறையில துருத்தி ஊதினவன். ரெண்டாம் பாகத்துல ஒரே ஒரு வரி வருது. அந்த வாள் அடிச்ச பட்டறை. ராஜா அதை இடுப்புல மாட்டினாரு, அவ்வளவுதான்."

மருந்துக்கடைக்காரர் புத்தகத்தை மூடினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று வருடமாக மெக்கானிக் கனவு கண்ட காட்சி. வாயை அடைத்தவர் வேறு, அவ்வளவுதான். எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொள்ள, அவன் பேனாவோடு பலகைக்குப் போய்த் தலைப்பை அடித்து, ‘ஊசி விதி’ என்று எழுதினான். பொறாமை அடங்கியதா? இல்லை. எழுதும்போதும் வயிறு எரிந்தது. எரிய எரியவே எழுதினான்.

இந்த வாரம் உங்கள் அலுவலகத்திலோ வீட்டிலோ எல்லோரும் பதிலுக்காக உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். பதில் உங்களுடையது இல்லையென்றால், ஓரத்தில் கைவேலையோடு உட்கார்ந்திருப்பவரைக் காட்டுங்கள். காட்டிவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை தயவுசெய்து குறுக்கே பேசாதீர்கள்.