கேட்டது ஒன்று, இறங்கியது பதினான்கு

கடந்த நவம்பர் பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். தூத்துக்குடியில் விடியற்காலையிலிருந்து விடாத மழை. எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர்.

நான் துறைமுகத்தில் முப்பத்து மூன்று வருடம் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகள் பட்டியலில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று கூடினாலும் தனியே ஒதுக்கிவிட வேண்டும். ஓய்வுக்குப் பிறகு கம்ப்யூட்டர் கற்று, ரத்தம் கொடுக்க முன்வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பட்டியலுக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். போன் நம்பர்கள் வெளியே போய்விடுமோ என்ற பயத்தில், அந்த புரோகிராம் வழியாக மட்டுமே திறக்கும்படி பூட்டி வைத்திருந்தேன்.

பழைய லேப்டாப் முந்தின வாரம் செத்துவிட்டதால் அன்று எல்லாவற்றையும் புதியதில் ஏற்றினேன். பூட்டைத் திறக்க, வேறு யாரோ எழுதிப் பொதுவில் வைத்த ஒரு பேக்கேஜ் வேண்டும். அதை இன்டர்நெட்டிலிருந்து இறக்கும் கட்டளையை அடித்தேன். கேட்டது ஒன்று. திரையில் பதினான்கு பெயர்கள் ஓடின. இரண்டு முறை எண்ணினேன், பதினான்குதான். பதின்மூன்று, நான் கேள்வியே படாத பெயர்கள். யாரோ திருட்டுத்தனமாக நுழைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாக நீக்கினேன். நிச்சயமா என்று லேப்டாப் பதின்மூன்று முறை கேட்டது. பதின்மூன்று முறையும் ஆம் என்றேன். நீக்கிய பெயர்களை நோட்டில் வரிசையாக எழுதி டிக் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன்.

இரண்டு முப்பத்தைந்துக்கு போன். ஆலந்தலை கிராமத்திலிருந்து எங்கள் ஊருக்குப் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணின் அண்ணன். ஆஸ்பத்திரியில் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, தங்கச்சிக்கு ரத்தம் நிக்க மாட்டேங்கு. ஓ நெகட்டிவாம். இங்கன ஒரு பாக்கெட்டுதான் இருக்காம். ஒங்ககிட்ட ஆளு இருக்குன்னு சொல்லுதாவ."

"ரெண்டு நிமிஷம் தம்பி" என்று சொல்லிவிட்டு புரோகிராமைத் திறந்தேன். திறக்கவில்லை. ஏதோ ஒன்றைக் காணோம் என்றது. நோட்டைப் பார்த்தேன். நான் நீக்கியவற்றில் ஏழாவது.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகளுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"ஏம்ப்பா, கப்பல்ல சரக்கு மட்டும் தனியாவா வந்துச்சு? அடிப்பலக, கட்டுக்கயிறெல்லாம் வராதா? அதையும் கூடுதல்னு கடல்ல தள்ளிருவீங்களா? அந்தப் பதிமூணு மேலதான் நீங்க கேட்ட ஒண்ணு நிக்கி. அதே கட்டளைய மறுபடி அடிங்க."

பெட்டிகளுக்கு அடியில் கிடந்த பலகைகளை நான் ஒருநாளும் சரக்கோடு சேர்த்து எண்ணியதில்லை. அவை இல்லாவிட்டால் சரக்கு சரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

அதற்குள் மழையில் வீட்டு நெட் போயிருந்தது. சிக்னல் கிடைக்கும் மாடிப்படியின் உச்சியில் உட்கார்ந்து செல்போன் நெட்டில் இறக்கினேன். அது ஊர்ந்தது. இடையில் அந்த அண்ணன் நான்கு முறை அழைத்தார். மூன்று முறை "ஆளு கெடைச்சா அண்ணாச்சி?" என்றார். நான்காவது முறை, "இருந்த ஒரு பாக்கெட்டும் ஏத்தியாச்சு அண்ணாச்சி" என்றார்.

பட்டியல் திறந்தபோது மூன்று பதினாறு. ஓ நெகட்டிவ் ஒன்பது பேர். மூன்றாவது அழைப்பில் கிடைத்த உப்பு லாரி டிரைவர், மழையிலேயே பைக்கில் போய் ரத்தம் கொடுத்தார்.

அந்தப் பெண் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் கிடந்து பிழைத்தாள். அவளுடைய அண்ணன் வீடு தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் ஒங்களாலதான் அண்ணாச்சி" என்றார். ஏன் தாமதம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

இன்றும் இறங்குவதை எண்ணத்தான் செய்கிறேன், ஆனால் எது எதைத் தாங்குகிறது என்று தெரியாமல் எதையும் நீக்குவதில்லை. அன்று ஆன செலவு மொத்தம் நாற்பத்தொரு நிமிடம். அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை, எல்லாம் அந்தப் பெண்ணுடையவை.