கண்டவள் சொல்ல ஏலாது

லண்டன் குட்மேய்ஸில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சிவமலருக்கு அரசியலில் அக்கறை இருந்ததில்லை. மேயர் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வாசலுக்கு வந்த பிரியந்திதான் அவளுக்கு விளங்கப்படுத்தினாள்: லண்டனுக்கு வெளியே பெரும்பாலான இடங்களில் பொலிஸைக் கேள்வி கேட்பதற்கென்று ஓர் ஆணையாளரைச் சனம் தனியாகத் தெரிவு செய்கிறது. இங்கே அந்தப் பொறுப்பும் மேயரின் தலையில்தான்.

"அப்ப ஆரைப் பிடிக்கிறதெண்டும் அவரே சொல்லுவார்?"

"அது ஏலாது அன்ரி. பொலிசுக்குக் காசு ஒதுக்குவார், அவையின்ரை பெரியவரைக் கூப்பிட்டு ஏன் எதுக்கெண்டு கேப்பார். எங்களைப்போல ஆக்களைச் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டேஷனுக்கு அனுப்பி, உள்ளுக்கு இருக்கிறவையை எப்பிடி வைச்சிருக்கினமெண்டு பாக்கிறதும் அவரின்ரை ஒபிஸ்தான்."

அந்தக் கடைசிப் பேச்சு சிவமலரின் மனதில் தைத்துவிட்டது. கொழும்பில் தமையனைப் பொலிஸ் கொண்டுபோனபோது, ஆள் உயிரோடு இருக்கிறான் என்று வந்து சொல்ல ஒரு நாதியில்லை. வாக்குப் போட்ட சூட்டோடு அந்தத் தொண்டு வேலைக்கும் விண்ணப்பித்தாள். பின்னணி விசாரணை, பயிற்சி எல்லாம் முடிந்து அடையாள அட்டை வந்தது. உள்ளே யாரைக் கண்டாலும் வெளியே மூச்சு விடக்கூடாது, தெரிந்த ஆளென்றால் உடனே விலகவேண்டும் என்றார்கள். தலையாட்டினாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம், எப்போதும் கூட வரும் தொண்டர் மரினாவோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். காவலறைக் கதவைத் திறந்தால், உள்ளே தங்கை கஜந்தினியின் பதினெட்டு தாண்டிய மகன் ஆரணன்.

"பெரியம்மா! அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. வீட்டுக்கு அறிவிக்க வேண்டாமெண்டு பொலிசிட்டையும் சொல்லிப்போட்டன்."

சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட அவளுக்கு வழியில்லை. தெரிந்த பிள்ளை என்று பொலிஸ் சார்ஜனிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றாள்.

வீடு திரும்பியபோது வாசலில் கஜந்தினி அழுதபடி காத்திருந்தாள்.

"அக்கா, ஆரணன் நேற்று வெளிக்கிட்டவன், இன்னும் வரேல்லை. போனும் ஓஃப். காரை எடு, தேடுவம்."

மறுக்க என்ன சாட்டுச் சொல்வது? காரை எடுத்தாள். இல்ஃபோர்ட் பஸ் தரிப்பு, செவன் கிங்ஸ் பார்க், சிநேகிதப் பெடியன்களின் வீடுகள். ஒவ்வோர் இடத்திலும் தங்கை இறங்கி ஓட, சிவமலர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

"பதறாதை, வருவான்."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

அவள் கண்ணாடியைப் பார்த்துக் காரைத் திருப்பினாள்.

மறுநாள் ஆரணனைக் குற்றம் எதுவும் சாட்டாமல் விட்டார்கள். அடிதடியில் பிடிபட்ட சிநேகிதனோடு நின்றதுதான் அவன் செய்தது. தாய் துருவித் துருவிக் கேட்டபோது, பெரியம்மா கண்டதையும் சொல்லிவிட்டான்.

கஜந்தினி மருந்துக்கடைக்கே வந்தாள்.

"அவனைக் கண்டுபோட்டும் என்னோடை சேந்து தேடித் திரிஞ்சியே. அண்ணைக்காக அம்மா அலைஞ்சதைப் பாத்தவள்தானே நீ?"

"அவன் வேண்டாமெண்டவன். சொன்னால் இனி எனக்கு அந்தக் கதவைத் திறக்காயினம்."

"திறக்காட்டில் உனக்கென்ன?"

சிவமலர் அடுத்தவரின் மருந்துச் சீட்டை வாங்கினாள். மருந்துக்குக் காத்து நின்ற சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு அக்கா தங்கைக்குள் நின்ற பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

அடுத்த முறை மரினா வந்து ஹோர்ன் அடித்தபோது, இனி வரவில்லை என்று சொல்லத்தான் சிவமலர் இறங்கிப்போனாள். சொல்லவில்லை. காரில் ஏறி, அட்டையைக் கழுத்தில் மாட்டினாள்.